கிணறுகளில் அறுபத்திரண்டு விழுக்காடு

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா அம்மா? உங்கள் வயதுக்கு வாய்ப்பில்லை. புதுத்துணியை யாரோ அவசரமில்லாமல் கிழித்துக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். ஒரு வரி கிழியும், நிற்கும், மூச்சு வாங்கும், அடுத்த வரி கிழியும். மார்ச் மாதம் பிறந்தால் என் கடையில் காலையிலிருந்து அந்தச் சத்தம்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, உங்கள் மடியில் அந்தக் கட்டைப் பார்த்ததும் காதில் மறுபடி கிழிய ஆரம்பித்துவிட்டது.

ப்ராஜெக்ட்தானே? அட்டையைப் பார்த்தாலே தெரிகிறதே. காலிகோத் துணி ஒட்டிய அட்டை, தங்க எழுத்து, கல்லூரி முத்திரை. உட்கார்ந்து திருத்தப் போகிறீர்களா? பாவம். கையில் தூக்கிப் பார்த்து எடைக்குத் தகுந்தபடி மதிப்பெண் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் அந்தப் பக்கத்து ஆள், அதனால்தான் சொல்கிறேன். கல்லூரிக்கு எதிர்த்தாற்போல் செந்தாமரை கணினி மையம் என்று ஒன்று இருந்ததே, அது என்னுடையது. நான் தமிழ் எம்.ஏ. விரிவுரையாளர் வேலைக்கு ஒன்பது முறை நேர்காணலுக்குப் போனேன். ஒன்பது முறையும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கல்லூரிக்கு உள்ளே இடம் இல்லை என்றார்கள், சரி என்று வாசலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு பாடம் நடத்தினார்கள். நான் பதினான்கு பாடத்தில் ஆராய்ச்சி செய்தேன்.

ஆமாம், பதினான்கு. தாவரவியலில் கீரைகள். வணிகவியலில் பற்பசை வாங்குவோர் மனநிலை. வரலாற்றில் வரி கொடுக்காத ஒரு ஜமீன். பொருளாதாரத்தில் மகளிர் குழு. விலங்கியலில் மண்புழு, மூன்று வருஷம் தொடர்ந்து அதே மண்புழு. பிள்ளைகள் தலைப்பைக் கொண்டுவருவார்கள். சில பேர் அதையும் கொண்டுவர மாட்டார்கள். "அக்கா, நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்பார்கள், ஏதோ பரோட்டாக் கடையில் கேட்பதுபோல. ஐந்து இயல். முன்னுரை, முன்னாய்வுகள், ஆய்வு முறை, பகுப்பாய்வு, முடிவும் பரிந்துரையும். பரிந்துரையில் எப்போதும் "அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும், மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்." மண்புழுவுக்கும் அதுதான், ஜமீனுக்கும் அதுதான். ஒரு பேராசிரியர்கூட ஒரு சொல் கேட்டதில்லை. நன்றாகத்தானே இருந்திருக்கிறது?

நன்றியுரை மட்டும் பிள்ளைகளே எழுதிக்கொண்டு வருவார்கள். எல்லாம் வல்ல இறைவனுக்கு, முதல்வருக்கு, துறைத் தலைவருக்கு, வழிகாட்டிக்கு, பெற்றோருக்கு, விடுதி நண்பர்களுக்கு, ஒருத்தன் தன் சைக்கிளுக்குக்கூட. என் பெயர் இருக்காது. நானே என் கையால் அதைத் தட்டச்சு செய்வேன், என் பெயர் இல்லாத நன்றியுரையை. ஓசை நன்றாக இருக்கும். "முதற்கண்" என்று ஆரம்பித்து "உரித்தாக்குகிறேன்" என்று முடியும். தாலாட்டுப்போல வந்து விழும். ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் அம்மா, காற்றில் உங்கள் தாள்கள் பறக்கின்றன.

நான் சொல்ல வந்தது அடைக்கலமேரியைப் பற்றி. எனக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவள். இத்தனை வருஷத்தில் ஒரே ஒருத்தி.

கொம்பன்துறை என்று கடலோரத்தில் ஒரு ஊர். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். நிலவியல் துறை, மூன்றாம் ஆண்டு. ஒல்லியாக, நெற்றி நிறைய வியர்வையோடு இருப்பாள். அவளிடமிருந்து எப்போதும் கொஞ்சம் விறகுப் புகை வாசம் வரும். காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் வந்து ஒரு நாற்பது பக்க நோட்டை என் மேஜையில் வைத்தாள்.

"அக்கா, எல்லாம் எழுதிட்டேன். டைப் மட்டும் அடிச்சுக் குடுத்தாப் போதும்."

"மட்டும்" என்றாள். அந்தச் சொல்லைக் கவனித்தீர்களா?

"என்னடி தலைப்பு?"

"எங்க ஊரு கிணத்துல உப்பு ஏறுது அக்கா. அது எங்கேருந்து ஏறுதுன்னு."

"கடலோர ஊர்ல உப்பு எங்கேருந்து ஏறும்? வானத்துலேருந்தா?"

சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து காட்டினாள். அவர்கள் ஊரில் நாற்பத்தொரு கிணறு. கடல் விளிம்பிலிருந்து ஒவ்வொரு கிணற்றுக்கும் எத்தனை தப்படி என்று நடந்து அளந்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் மொண்டுவந்து, சட்டியில் காய்ச்சி, சுண்டவிட்டு, அடியில் படிந்த உப்பைச் சுரண்டி, மாமா ஒருத்தர் வேலை பார்க்கிற நகைக்கடையில் தங்கம் நிறுக்கிற தராசில் வைத்து நிறுத்திருக்கிறாள். மாதம் ஒரு தடவை, மூன்று மாதம். நூற்று இருபத்து மூன்று சட்டி தண்ணீர். புகை வாசத்துக்கு அதுதான் காரணம்.

நான் எம்.ஏ. வரை படித்தவள், படிப்பவர்களைப் பார்த்தவள். எனக்கு அந்த நோட்டைப் பார்த்து என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ பாவம் என்று தோன்றியது. கேட்டிருந்தால் இந்த எண்களை நான் ஒரு மதியத்தில் போட்டுக் கொடுத்திருப்பேனே. விறகாவது மிஞ்சியிருக்கும்.

"கேள்வித்தாள் எங்கடி? பதிலளித்தவர்கள் எத்தனை பேர்?"

"கிணத்துகிட்ட என்னக்கா கேக்குறது?"

"ரெண்டாவது இயல் எங்க? முன்னாய்வு?"

"எங்க ஊரு கிணத்தப் பத்தி யாரும் எழுதலையே."

பார்த்தீர்களா? இப்படித்தான் வந்தாள். அதில் இருந்தது பதினெட்டுப் பக்கம். பதினெட்டுப் பக்கத்துக்குக் காலிகோ அட்டை போட்டால் உள்ளே ஒன்றும் இல்லாத தகர டப்பாபோல ஆடும். அவளோ அதை நம்பித்தான் இருந்தாள். மாவட்ட அளவில் எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து மாணவர் ஆய்வரங்கம் ஒன்று நடக்கும். எந்தத் துறையாக இருந்தாலும் கல்லூரிக்கு ஒரே ஒரு ஆய்வைத்தான் அனுப்புவார்கள். இந்தப் பெண்ணுடையதை அனுப்பலாம் என்று அவளுடைய வழிகாட்டி மாசிலாமணி சார் சொல்லியிருந்தார். அங்கே முதலில் வந்தால் மேற்படிப்புக்கு உதவித்தொகை. இல்லாவிட்டால் வீட்டில் கல்யாணப் பேச்சு. அதை அவளே சொன்னாள், நோட்டின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே. எனக்கு மனது இளகிவிட்டது. அதுதான் என் குறை. மனது இளகுவது.

நல்லது செய்வோம் என்று உட்கார்ந்தேன். பொருளாதாரத் துறைக்கு மகளிர் குழு பற்றிச் செய்த ஆய்வு ஒன்று கணினியில் இருந்தது. அருமையான ஆய்வு முறை இயல், வயது, கல்வி, குடும்ப நிலை என்று முறையாக இருக்கும். அதை எடுத்து, "பதிலளித்தவர்கள்" என்று வருகிற இடத்தில் எல்லாம் "கிணறுகள்" என்று மாற்றச் சொல்லிக் கணினிக்கு உத்தரவு கொடுத்தேன். ஒரே தட்டு. நாற்பத்தேழு இடத்தில் மாற்றிவிட்டேன் என்று அதுவே பணிவாகச் சொல்லியது. இயந்திரத்துக்கு இருக்கிற பணிவு மனிதர்களுக்கு இல்லை.

பிறகு அட்டவணைக்கு வந்தேன். வந்து பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. கடலுக்குப் பக்கத்துக் கிணற்றில் உப்பு மிகவும் குறைவு, அரைக் கிராம்கூட இல்லை. கடலிலிருந்து தள்ளிப் போகப் போக உப்பு ஏறுகிறது. கடைசிக் கிணற்றில் ஐந்து கிராம். இது நடக்குமா? நீங்களே சொல்லுங்கள். களைப்பில் வரிசையை மாற்றி எழுதிவிட்டாள் போலிருக்கிறது, சபையில் சிரிப்பார்களே என்று எனக்குப் பகீரென்றது. உப்பு வரிசையை மட்டும் கீழிருந்து மேலாகத் திருப்பிப் போட்டேன். அழகாகப் பொருந்திவிட்டது. முடிவுரையில் மேற்கே இருக்கிற இறால் பண்ணைக் குளத்திலிருந்து மண்ணுக்கு அடியில் உப்புத் தண்ணீர் இறங்குகிறது என்று என்னவோ எழுதியிருந்தாள். வம்பு எதற்கு? அதை எடுத்துவிட்டு, விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று போட்டேன்.

எழுபத்திரண்டு பக்கம். மூன்று பிரதி. ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் மத்தியானம்தான் பைண்டிங் முடிந்து வந்தது. உள்ளே புரட்டிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அட்டையில் தன் பெயரைத் தங்க எழுத்தில் விரலால் தடவிப் பார்த்தாள், "எம்மாம் பெருசா இருக்கு!" என்றாள், மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு கல்லூரிக்குள் ஓடினாள். அவளுக்கென்று நான்காவது பிரதி போட்டுக்கொள்ளவில்லை. நோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். நன்றியுரையில் என் பெயர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து வாய்மொழித் தேர்வு. வேறு ஒரு பையனுடைய முகப்புத் தாளில் பிழை என்று திருத்திய தாளை எடுத்துக்கொண்டு நான் அந்தத் தாழ்வாரத்துக்குப் போயிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், வயதானவர், குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"கொம்பன்துறையில மொத்தம் எத்தனை கிணறும்மா?"

"நாப்பத்தொண்ணு சார்." இவள் குரல். நல்ல தைரியமாகத்தான் இருந்தது.

"அதுல கல்யாணம் ஆனது எத்தனை?"

"சார்?"

"ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கிணறுகளில் அறுபத்திரண்டு விழுக்காடு திருமணமானவைன்னு போட்டிருக்கியே. பாக்கிக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்காங்களா?"

உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள். "பன்னிரண்டு கிணறு பத்தாம் வகுப்பு வரை படிச்சிருக்கு சார்" என்று இன்னொருத்தர் எடுத்துக் கொடுத்தார். அது மாசிலாமணி சார். அவர்தான் வழிகாட்டி. முதல் பக்கத்தில் "இவ்வாய்வு என் நேரடி மேற்பார்வையில் செய்யப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டவர். மேற்பார்வை பார்த்தவர் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கே உதடு துடித்தது.

அப்புறம் தேர்வாளர் அட்டவணையைத் திறந்தார். "கடலுக்குப் பக்கத்துல உப்பு, தள்ளிப் போனா நல்ல தண்ணி. இதைக் கண்டுபிடிக்க மூணு மாசமாம்மா?"

"இல்ல சார். நேர்மாறு சார். கடலோரக் கிணறுதான் நல்லா இருக்கு, மணல்ல மழைத்தண்ணி தங்குது. மேக்க, பண்ணை ஓரத்துல இருக்குறதுதான் கரிக்குது."

"இதுல அப்படி இல்லையே."

பேசாமல் இருந்திருக்கலாம். தலையைக் குனிந்து நின்றிருந்தால் போனால் போகிறதென்று நாற்பது மதிப்பெண் போட்டு அனுப்பியிருப்பார்கள். எத்தனையோ பேர் அப்படித்தான் பட்டதாரி ஆனார்கள். இவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். தாள் புரளுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"சார், இது நான் எழுதுனது இல்ல."

"அப்ப யாரு எழுதுனது?"

"டைப் அடிச்ச அக்கா மாத்தியிருக்காங்க சார். செந்தாமரை மையத்துல."

கடைப் பெயரோடு சொன்னாள். அத்தனை பேர் முன்னால். மாசிலாமணி சார் கதவுப் பக்கம் திரும்பினார். நான் அந்த நேரம் பார்த்துச் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டதென்று குனிந்திருந்தேன்.

தேர்வாளர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு, "கைப்பட எழுதின நோட்டு இருக்கா? அளந்தது, நிறுத்தது? நாலு மணிக்குள்ள கொண்டு வா. இருந்தா இந்த எழுபத்திரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட்டுட்டு அதையே படிக்கிறேன்" என்றார். அவள் வெளியே வந்து என்னைத் தாண்டித்தான் ஓடினாள். என்னைப் பார்க்கவில்லை. நான் குறுக்குச் சந்து வழியாக அவளுக்கு முன்னால் கடைக்கு வந்துவிட்டேன்.

"அக்கா, என் நோட்டு."

"எந்த நோட்டுடி?"

"கிணத்து நோட்டு. நாலு மணிக்குள்ள காட்டணும்க்கா. காட்டிட்டா விட்டுருவாரு."

"பழைய பேப்பரோட போயிருக்கும்டி. மார்ச் மாசத்துல எத்தனை பேர் நோட்டுதான் நான் கட்டிக் காப்பாத்துறது?"

அவள் அலமாரியைத் தேடினாள், மேஜைக்கு அடியில் தேடினாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு கால் ஆட்டம் கண்டிருந்தது. முட்டுக் கொடுக்க அடியில் கைக்குக் கிடைத்த ஒரு நோட்டை வைத்திருந்தேன். எந்த நோட்டு என்று எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. சரி, வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அட்டவணையை மாற்றியது நான்தான் என்று எழுத்தில் ஆகும். எதிர்க்கட்டிடத்தில் பதினான்கு துறை. நான் தனி ஆள். வெளியூர் ஆசிரியர் ஒருத்தருடைய சந்தேகத்துக்காகக் கடையை மூட முடியுமா? மேலும், தேடிப் பார்த்துக்கொள் என்று அவளைத் தடுக்காமல்தானே விட்டேன்.

நாலு மணி அடித்தது, கல்லூரி மணி. அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "நாப்பத்தொண்ணும் எனக்கு மனப்பாடம்க்கா. சொன்னா நம்ப மாட்டாங்களா?" என்று கேட்டாள். "போய்ச் சொல்லிப் பாரேன்" என்றேன். போனாள். சொல்லியிருக்கிறாள். முதல் கிணற்றிலிருந்து பதினேழாவது வரைக்கும் கேட்டுவிட்டு, தேர்வாளர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாராம். ப்ராஜெக்ட் நிராகரிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு புதிதாகச் செய்ய வேண்டும். கல்லூரியில் ஒரு அறிவிப்பும் ஒட்டினார்கள், வெளி மையங்களில் தயாரித்த ஆய்வுகள் ஏற்கப்படமாட்டா என்று. அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்யக்கூட என்னிடம்தான் ஆள் அனுப்பினார்கள். செய்துகொடுத்தேன். ஒரு மாதம் பிள்ளைகள் முன்வாசல் வழியாக வராமல் பின்வாசல் வழியாக வந்தார்கள். ஒரு பெண்ணால் எனக்கு வந்த நிலை.

ஆனால் நான் நன்றி கெட்டவள் இல்லை. அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம் பொருளாதாரத்திலிருந்து திருமேனி என்று ஒரு பையன் வந்தான். தலைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, நல்ல சட்டை போட்டிருந்தான். பிரிண்டரைத் தூக்கி நோட்டை எடுத்தேன். "கடலோரச் சிற்றூரில் நீர்வளமும் வாழ்வாதாரமும்" என்று பெயர் வைத்தேன். இந்த முறை ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். இறால் பண்ணைப் பகுதியையும் அப்படியே விட்டேன். நான் பாடம் கற்றுக்கொள்கிறவள். மாவட்ட ஆய்வரங்கத்தில் அதற்குத்தான் முதல் பரிசு. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம், இளைஞர்கள் இப்படிக் களத்தில் இறங்க வேண்டும் என்று. பத்திரிகையில் படம் வந்தது. நன்றியுரையில் "அழகுறத் தட்டச்சு செய்த திருமதி சௌந்தரவல்லி அவர்களுக்கு" என்று போட்டிருந்தான். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன். அவன் இப்போது ஒரு கல்லூரியில் ஆய்வு நெறிமுறை நடத்துகிறான். நன்றாக நடத்துவதாகக் கேள்வி.

அந்தப் பத்திரிகை அவள் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஒரு நாள் வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் தயாராக இருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிவரியாக யோசித்தும் வைத்திருந்தேன். வாசல்படியிலேயே நின்றாள்.

"அந்தப் பையன் போட்டிருக்குறதுல நாப்பத்தொண்ணும் இருக்கா அக்கா?"

"இருக்குடி."

"பன்னெண்டாவது ராயப்பன் வீட்டுக் கிணறு. அதுல ரெண்டாவது மாசம் மட்டும் கொறஞ்சிருக்கும். மழை பேஞ்சது. மத்தவங்களுக்குத் தப்பு மாதிரி தெரியும். அதைத் திருத்தாம வச்சிருக்காங்களா?"

"திருத்தலை. நீ எழுதினது எழுதினபடி இருக்கு."

"சரி."

அவ்வளவுதான். சரி என்றாள், போய்விட்டாள். இவ்வளவு செய்தவளிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போகக்கூடாதா? எனக்குக் கொடுக்க மனசு இல்லையா என்ன? யோசித்து வைத்த வரிகள் அப்படியே நின்றுவிட்டன. அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வெயில் அப்படி.

உங்கள் நிறுத்தம் இதுதானா? பார்த்து இறங்குங்கள், கட்டு கனம். இல்லை, அவள் மறுபடி ப்ராஜெக்ட் செய்யவில்லை. அந்த ஒரு தாள் அவளுக்கு இன்னும் நிலுவையிலேயே இருக்கிறது, பட்டம் வாங்கவில்லை. கொம்பன்துறை அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறாள், பத்தொன்பது வருஷமாக. அந்த வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும்.